நண்டின் இடது காது

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நானும் அவளும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறுவதை விட்டுவிட்டேன் என்று போன தடவை எழுதியிருந்தாய். உன் வாயால் அப்படி ஒரு புத்திசாலித்தனம் வந்ததை உன் தம்பி பெண்டாட்டி இன்னும் நம்பவில்லை.

இனி வருவதை உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படிக்காதே.

நான் வேன் ஓட்டுவது சிஸ்டர்கள் நடத்தும் பள்ளிக்கூடத்துக்கு என்பது உனக்குத் தெரியும். காலையில் பதினாறு பிள்ளைகளை ஏற்றுவேன், சாயங்காலம் பதினாறையும் எண்ணி இறக்குவேன். திங்கட்கிழமையிலிருந்து பதினேழு. அந்தப் பதினேழாவது பிள்ளை நம் நண்டு.

முதலில் நம்பவில்லை. ஆனால் நீ நாலு வருடம் வளர்த்து, போன மாதம் தத்துக்கு ஒப்படைத்த பிள்ளையை எனக்குத் தெரியாதா? இரண்டு வருடத்துக்கு முன்னால் உன் வீட்டில் மூன்று நாள் தங்கினேனே, அப்போது என் செருப்பை மாட்டிக்கொண்டு வீடு முழுக்கச் சத்தம் போட்டு நடந்த அதே பிள்ளை. வேன் படியில் ஒரு காலை வைத்தவள் என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். நானும் பார்த்தேன். "குட் மார்னிங் டிரைவர் அங்கிள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். ஏழு வயதுப் பிள்ளைக்கு இத்தனை சாமர்த்தியம் எங்கிருந்து வந்ததோ.

தத்தெடுத்தவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். அந்த அம்மா தபால் ஆபீசில் வேலை. இரண்டு பேரும் அமைதியானவர்கள். காலையில் இரண்டு பேருமே வாசலுக்கு வந்து ஏற்றிவிடுகிறார்கள்.

எந்த ஊர் என்று தத்துக் கொடுக்கிற ஆபீசில் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்வதும் தப்புத்தான். படித்ததும் கிழித்துப் போடு.

இப்படிக்கு,
தம்பி


மார்ச் 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். என் கால் கிடக்கட்டும். உன் இருமல் எப்படி இருக்கிறது? அவள் சொல்கிற கஷாயத்தைக் குடி. அடம் பிடிக்காதே.

நீ சொன்னபடி உட்கார்ந்துதான் படித்தேன். ஜிப் மாற்றக் கொண்டுவந்து கொடுத்த பைகள் ஏழு மேசையில் கிடந்தன. அன்றைக்கு ஒன்றுகூடத் தைக்கவில்லை.

நீ கிழிக்கச் சொன்னாய். கிழிக்கவில்லை. ஊசி டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

அவள் சாப்பிடுகிறாளா? முடியை வெட்டிவிட்டார்களா, பின்னிவிடுகிறார்களா? இடது காலில் ஷூ கடிக்கும். அரை அளவு பெரிதாக வாங்க வேண்டும். இதையெல்லாம் நோட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆபீசில் கேட்பார்கள், தெரியுமோ? பிள்ளையை ஒப்படைக்கும்போது அதன் பழக்க வழக்கம், பயம், பிடித்தது, பிடிக்காதது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் நாலு பக்கம் எழுதுவார்களாம். நான் நாற்பது பக்கம் எழுதினேன். வாங்கிப் பார்த்த மேடம், "நீங்க என்ன, நாவலா எழுதியிருக்கீங்க?" என்று சிரித்தார்கள்.

அவளுக்குப் புதுப் பெயர் வைத்திருப்பார்கள். அதை எனக்கு எழுதாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஆறு மாதம் பார்வைக் காலம். ஆகஸ்ட் கடைசியில் ஜட்ஜ் கையெழுத்துப் போட்டால்தான் அவள் முழுசாக அவர்கள் பிள்ளை. அதுவரை எந்தக் காரணத்துக்காகவும் திருப்பிக் கொடுக்கலாம். போன் பண்ணாதே. என் குரல் என்னைக் காட்டிக் கொடுத்துவிடும். இங்கே இப்போது வளர்க்கச் சொல்லிப் பத்து மாதப் பிள்ளை ஒருவன் வந்திருக்கிறான். நான் அழுதால் அவனும் சேர்ந்து அழுகிறான்.

வேனில் எங்கே உட்காருகிறாள்?

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. கஷாயத்தால் அல்ல. அதைக் குடிக்கிற பயத்தால்.

கேட்டதற்கெல்லாம் பதில். நன்றாகச் சாப்பிடுகிறாள். கன்னம் உப்பியிருக்கிறது. முடியை வெட்டவில்லை, இரட்டைப் பின்னல். ஷூ பளபளவென்று இருக்கிறது. நொண்டுவதைப் பார்க்கவில்லை.

வேனில் ஒரே இடம்தான். எனக்குப் பின் வரிசையில், இடது ஜன்னல். அதை யாருக்கும் விட்டுக் கொடுக்க மாட்டாள். போன வாரம் நாலாம் வகுப்புத் தடியன் ஒருவன் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். இவள் சண்டை போடவில்லை, அழவில்லை. அவன் பக்கத்திலேயே நின்று, முழு வழியும் அவனை உற்றுப் பார்த்துக்கொண்டே வந்தாள். மறுநாள் அவனே வேறு இடம் தேடிக்கொண்டான். நடக்கும்போதும் அப்படித்தான். யார் கூட வந்தாலும் பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு போய் அவர்களுடைய இடப்பக்கம் சேர்ந்துகொள்கிறாள். நீ நண்டு என்று பெயர் வைத்தது சும்மா இல்லை.

பள்ளிக்கூடம் அவளுக்குப் பிடித்துவிட்டது. இரண்டாம் வகுப்பு டீச்சர் சின்னப் பெண், நல்ல பெண். வாசிப்பில் நண்டுதான் வகுப்பில் முதல். பெரிய சிஸ்டரைப் பார்த்தால் எனக்கே கை தானாகக் கட்டிக்கொள்ளும். அவரிடம் போய் இவள், "உங்க ஜெபமாலையில எத்தனை மணி இருக்கு? நான் எண்ணிப் பாக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். சிஸ்டர் கழற்றிக் கொடுத்தாராம். வராந்தாவில் உட்கார்ந்து முழுதும் எண்ணி முடித்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள்.

நேற்று எல்லாப் பிள்ளைகளும் இறங்கின பிறகு, கடைசியாக இறங்கும்போது என் தோளுக்குப் பின்னால் வந்து மெதுவாக "மாமா" என்றாள். நான் திரும்புவதற்குள் ஓடிவிட்டாள்.

ஒன்று கேட்கிறேன். ஏன் அந்த இடது ஜன்னல்?

இப்படிக்கு,
தம்பி


ஏப்ரல் 9

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் கேலி செய்வாய்.

இங்கே இந்தச் சின்னவனுக்குப் பல் முளைக்கிறது. நாற்காலிக் கால், என் புடவைத் தலைப்பு, பைக் கைப்பிடி, கண்ணில் பட்டதையெல்லாம் கடிக்கிறான். நேற்று மேற்பார்வைக்கு வந்த மேடத்தின் விரலையும் கடித்துவிட்டான். அவர்கள் அதையும் ரிப்போர்ட்டில் எழுதுவார்களோ என்னவோ.

அந்தச் சின்ன டீச்சரைப் பற்றி நிறைய எழுது. அவர் சத்தமாகப் பேசுவாரா? கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசுவாரா, பிள்ளைகளைப் பார்த்துப் பேசுவாரா? வகுப்பில் நண்டு முதல் வரிசையில், இடது ஓரத்தில் உட்கார்ந்தால் நல்லது. உன்னால் எப்படியாவது சொல்ல முடியுமா? கண்ணுக்கு நல்லது என்று சொல்லு. வேறு ஏதாவது சொல்லு.

வேனைப் பின்னால் எடுக்கும்போது இறங்கிப் பார்த்துவிட்டு எடு. ஹாரன் அடித்தோமே என்று எடுத்துவிடாதே.

கடைசியாக ஒன்று கேட்டிருந்தாய். சில பிள்ளைகள் அப்படித்தான். ஒரே இடம் என்று பிடிவாதம்.

அன்புடன்,
அக்கா


மே 20

அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று நினைக்கிறேன்.

நேற்று சாயங்காலம் கோடை வகுப்பு முடிந்து, பள்ளி முற்றத்தில் வேனைப் பின்னால் எடுத்தேன். உன் பேச்சைக் கேட்டு இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். யாரும் இல்லை. பாதி வந்தபோது கண்ணாடியில் நண்டு தெரிந்தாள். சேப்பல் பக்கமிருந்து தனியாக வந்துகொண்டிருந்தாள். ஹாரன் அடித்தேன். எந்தப் பிள்ளையும் விலகி ஓடும். இவளும் ஓடினாள். ஆனால் வண்டியைப் பார்த்து ஓடி வந்தாள், அக்கா. சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாமல் நேராக வண்டியின் பின்சக்கரத்துக்கே ஓடி வந்தாள்.

பிரேக் போட்டு இறங்கிப் பார்த்தேன். பம்பருக்கும் அவளுக்கும் நடுவில் என் கை நுழையும் அளவுதான் இடம் இருந்தது. "எதுக்குடீ வண்டிக்கு நேரா வந்தே?" என்று கத்தினேன். அவள் அழவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "யார்கிட்டயும் சொல்லாதீங்க மாமா" என்றாள்.

எதை யாரிடம் சொல்லக் கூடாது? அவளுக்கு என்ன? கேட்ட கேள்விக்குப் பல் முளைத்த கதையெல்லாம் எழுதி மழுப்பாதே. நான் ஓட்டுகிற வண்டி அது. உண்மையைச் சொல்லு.

தம்பி


மே 27

அன்புள்ள தம்பிக்கு,

அவளுக்கு இடது காது கேட்காது. துளியும் கேட்காது. மூன்று வயதில் என்னிடம் வரும்போதே அப்படித்தான். தையல் மெஷினில் உட்கார்ந்து இந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டால் திரும்புவாள், அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஒரு காதால் கேட்பவர்களுக்குச் சத்தம் வரும் திசை தெரியாதாம். ஆஸ்பத்திரியில் நானாக ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆபீசில் சோதித்தபோது முன்னால் நின்று கைதட்டிப் பார்த்து, சரி என்று எழுதிவிட்டார்கள்.

இதற்கு முன்னால் இரண்டு ஜோடிகள் அவளைப் பார்க்க வந்தார்கள். உனக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை. இரண்டு பேரிடமும் நேர்மையாகச் சொன்னேன். முதல் ஜோடி ஒரு வாரம் யோசிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனவர்கள் வரவேயில்லை. இரண்டாவது ஜோடி அவளுக்குப் பொம்மையெல்லாம் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். நான் சொன்ன மறுநாளே மனசு மாறிவிட்டது. அவள் அந்தப் பொம்மையை வைத்துக்கொண்டு எத்தனை நாள் வாசலைப் பார்த்தாள் என்று எனக்கல்லவா தெரியும்.

நானே தத்தெடுக்கிறேன் என்று மூன்று தடவை எழுதிப் போட்டேன். தனிப் பெண்பிள்ளை, வயது ஐம்பத்திரண்டு, முழங்கால் வேறு. முடியாது என்று மூன்று தடவையும் ஒரே காகிதம் வந்தது.

அதனால் மூன்றாவதாக இவர்கள் வந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. நாற்பது பக்கம் எழுதினேன், இது மட்டும் அதில் இல்லை. ஒரு மாதம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். எல்லாரையும் வலப்பக்கம் வைத்துக்கொள். வாயைப் பார். கேட்கவில்லை என்றால் சிரித்துக்கொண்டு "இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேள். யாரிடமும் சொல்லாதே. என் தலையில் கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினேன். "சொன்னா என்ன ஆகும்மா?" என்று கேட்டாள். "திருப்பி அனுப்பிடுவாங்க" என்றேன்.

அதைச் சொன்னபோது அவள் முகத்தில் ஒரு நிமிடம் சந்தோஷம் வந்தது. என்னிடம் திரும்பி வரலாமே என்று. இல்லை கண்ணே, இங்கே வர முடியாது, காப்பகத்துக்குப் போக வேண்டியிருக்கும் என்று அதையும் நானே சொன்னேன். அதுதான் உண்மையும். மறைத்தது தெரிந்தால் பிள்ளைகளை வளர்க்கிற என் அனுமதியை ரத்து செய்வார்கள். இந்தச் சின்னவனையும் எடுத்துக்கொண்டு போவார்கள்.

தம்பி, ஆகஸ்ட் வரை பொறு. கையெழுத்து விழட்டும். அதுவரை முற்றத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நட. உன்னிடம் இதைக் கேட்பதற்கு எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை.

அக்கா


ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். கோபத்தில் எழுதிய கடிதத்தை மறந்துவிடு.

சொல்லவில்லை. தினமும் வேனிலிருந்து வகுப்பு வாசல் வரை கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறேன். மற்றப் பிள்ளைகள், "எங்க கையையும் பிடிங்க அங்கிள்" என்று ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது காலையில் பதினேழு பேரும் சங்கிலி மாதிரி நடக்கிறோம். காவலாளி என்னைப் பார்த்து, "என்ன, ரயிலா ஓட்டுறீங்க?" என்கிறார்.

போன வெள்ளிக்கிழமை காலை ஜெபத்தில் வேதவசனம் வாசிக்க நண்டுவைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் சேப்பல் வாசலில் நின்று கேட்டேன். ஒரு எழுத்துத் தடுக்கவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த கடிகாரக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார். அந்த அம்மா அவர் தொடையில் கிள்ளி, "சத்தம் போடாதீங்க" என்றார். அந்த அம்மாவின் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. நல்ல மனிதர்கள், அக்கா. அந்த நல்ல மனிதர்கள் முகத்தில் நான் தினமும் இரண்டு வேளை முழிக்க வேண்டியிருக்கிறது.

புது வகுப்புக்கும் அதே சின்ன டீச்சர்தான். அவர் நேற்று என்னிடம், "இவளுக்கு அப்பப்ப கவனம் எங்கயோ போயிடுதே, வேன்லயும் அப்படியா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

இப்படிக்கு,
தம்பி


ஜூலை 10

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலம்தானே? ஒரு மாதமாக உன்னிடமிருந்து எழுத்தைக் காணோம். வேதவசனம் வாசித்தாளே, என்ன நிற உடுப்பு போட்டிருந்தாள்? அந்த டீச்சர் மறுபடி ஏதாவது கேட்டாரா?

சின்னவன் நடக்கப் பழகுகிறான். மெஷின் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறான்.

அன்புடன்,
அக்கா


ஆகஸ்ட் 3

தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? உன் வீட்டுக்காரியாவது இரண்டு வரி எழுதலாம். தெரிந்துவிட்டது என்றால் தெரிந்துவிட்டது என்று எழுது. திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்றால் அதையும் எழுது. எந்தக் காப்பகம் என்று மட்டும் விசாரித்து எழுது. வாசலில் தபால்காரர் சைக்கிள் நிற்காமல் போகும்போதெல்லாம் கூப்பிட்டு நிறுத்தி, பையை இன்னொரு தடவை பார்க்கச் சொல்கிறேன்.

ஆபீசில் போய்க் கேட்கலாம் என்றால், எந்த முகத்தோடு கேட்பேன்?

அக்கா


செப்டம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் இதைப் படி. ஜட்ஜ் கையெழுத்துப் போட்டுவிட்டார். போன வியாழக்கிழமை. நண்டு அவர்கள் பிள்ளை. இனி யாரும் திருப்பி அனுப்ப முடியாது.

எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துவிடு. எல்லாம் தொங்கலில் நின்றது. என்னவென்று எழுதுவது?

ஜூன் கடைசியிலேயே டீச்சர் கண்டுபிடித்துவிட்டார். சந்தேகப்பட்டு, ஒரு நாள் வகுப்பில் அவள் இடப்பக்கமாகக் குனிந்து, "சாக்லேட் வேணுமா?" என்று கிசுகிசுத்திருக்கிறார். அசையவில்லை. எந்தப் பிள்ளை சாக்லேட்டுக்குத் திரும்பாது? பிறகு முன்னால் வந்து, "சாக்லேட் வேணுமான்னு கேட்டேனே, காதுல விழலையா?" என்றாராம். இவள், "விழுந்துச்சு மிஸ். எனக்குச் சாக்லேட் பிடிக்காது" என்றிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் ஊர்ஜிதம் ஆனது. பெரிய சிஸ்டர் அறையில் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார்கள். நான் வெளியே வராந்தாவில் நின்றேன். கடிகாரக்காரர்தான், "சரி சிஸ்டர். கேக்காத பக்கம் நான் நடக்கிறேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஜட்ஜ் முன்னாலும், தெரிந்துதான் கேட்கிறோம் என்று எழுதிக் கொடுத்தார்களாம். முன்னாலேயே தெரியாமல் போனதற்கு ஆபீசின் கைதட்டல் சோதனையைத்தான் குறை சொல்கிறார்கள். உன் பெயர் வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் இப்போது ஒரு ஏற்பாடு. வகுப்பில் யார் பேசுவதானாலும் முதலில் கையைத் தூக்கிவிட்டுப் பேச வேண்டும், டீச்சர் உட்பட. அப்போதுதான் நண்டுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியும். பெரிய சிஸ்டரே ஜெபத்தில் கையைத் தூக்கிவிட்டு ஆரம்பிக்கிறார். நான் வேனைப் பின்னால் எடுத்தால் காவலாளி மஞ்சள் கொடி பிடிக்கிறார்.

இத்தனையும் நல்ல செய்தி. இனி வருவது அப்படியில்லை.

காதில் மாட்டச் சின்னக் கருவி ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். கேட்காத பக்கத்துச் சத்தத்தை வாங்கி நல்ல காதுக்கு அனுப்புமாம். அதை அவள் போடமாட்டேன் என்கிறாள். வீட்டு வாசலில் அம்மா மாட்டிவிடுவார். வேன் முதல் திருப்பம் திரும்பியதும் கழற்றி ஜாமெட்ரி பாக்ஸில் போட்டுவிடுவாள். "எனக்கு நல்லாத்தான் கேக்குது" என்று எல்லாரிடமும் சாதிக்கிறாள். டாக்டரிடமும் சாதிக்கிறாள். இரண்டு மாதமாக இதே கூத்து. அந்த அம்மா வாசலில் நின்று அழுததை நான் பார்த்தேன். பிள்ளைக்கு வெட்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

காரணம் உனக்கும் எனக்கும்தான் தெரியும். நான் சொல்லிப் பார்த்தேன். "இனிமே சொல்லலாம்டா, யாரும் அனுப்ப மாட்டாங்க" என்றேன். "அம்மா சொன்னாங்களா?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன். என் முகத்தையே பார்த்தாள். "நீங்க பொய் சொல்றீங்க மாமா. அம்மா சொல்லியிருந்தா எழுதிக் குடுத்திருப்பாங்க."

இப்படிக்கு,
தம்பி


செப்டம்பர் 9

அன்புள்ள தம்பிக்கு,

கையெழுத்து விழுந்தது என்று படித்ததும் மெஷின் மேலேயே தலையைக் கவிழ்த்துவிட்டேன். சின்னவன் வந்து என் முடியைப் பிடித்து இழுத்தான்.

ஆனால் எழுதிக் கொடுப்பது எப்படி? கையெழுத்து விழுந்த பிறகு வளர்த்தவர்கள் ஒரு வரிகூட அனுப்பக் கூடாது. நான் கையெழுத்துப் போட்ட தாளிலேயே அது இருக்கிறது. பிள்ளை கையில் என் கடிதத்தை யாராவது பார்த்தால், மறைத்ததும் தெரியும், உன் வேலையும் போகும், இவனும் போவான். இவன் இப்போதுதான் நாலு எட்டு வைக்கிறான்.

எழுதாவிட்டால் அவள் என் சத்தியத்தைக் காதில் அடைத்துக்கொண்டு ஆயுசு முழுக்க இருப்பாள். அப்படிப்பட்ட பிள்ளை அது. ஒரு தடவை கண்ணாமூச்சி ஆட்டத்தில் "நான் சொல்றவரைக்கும் வெளிய வராதே" என்றேன். பை கொடுக்க யாரோ வந்தார்கள், நான் மறந்தே போனேன். ஒரு மணி நேரம் அலமாரிக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

நீயே இன்னொரு தடவை சொல்லிப் பார். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அக்கா


அக்டோபர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

உன் செப்டம்பர் கடிதம் தபால்காரர் கையால் எனக்கு வரவில்லை. அந்த அம்மா கொண்டுவந்து கொடுத்தார்.

காலையில் நண்டுவை ஏற்றிவிட்டு, அவர் வேனைச் சுற்றி என் பக்கம் வந்தார். கையில் உறை. ஒட்டியது ஒட்டியபடி. "இந்த மாசம் என்னைக் கவுன்டர்ல இருந்து தபால் பிரிக்கிற மேசைக்கு மாத்திட்டாங்க" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. "இந்தக் கையெழுத்துல நாப்பது பக்கம் எங்க வீட்ல இருக்கு டிரைவர். அத்தனையும் எனக்கு மனப்பாடம். எங்க பார்த்தாலும் கண்டுபிடிச்சிருவேன்" என்றார்.

நாம் இரண்டு பேரும் போனுக்குப் பயந்து, தபால் ஆபீஸ்காரி வீட்டுப் பிள்ளையைப் பற்றித் தபாலில் எழுதிக்கொண்டிருந்தோம். நம்மைப் போல மண்டுகள் உண்டா?

சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு ஜோடிகள், பொம்மை, சத்தியம், எல்லாம். கத்துவார் என்று நினைத்தேன். வெளியே வந்து கேட்டைச் சாத்தினார். பிறகு சொன்னார்: "எனக்குக் கோபம்தான். என்கிட்டயும் சொல்லியிருந்தா நான் ஓடிப்போயிருப்பேனான்னு யோசிக்கிறேன். தெரியல. அதான் கோபமா இருக்கு."

ஆபீசுக்குச் சொல்ல மாட்டார். என் வேலைக்கும் ஆபத்தில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறார். சத்தியத்தை எடுத்துவிட்டேன் என்று நீ உன் கையால் பிள்ளைக்கு ஒரு பக்கம் எழுத வேண்டும். வா என்றோ, பார்க்க ஆசையாக இருக்கிறது என்றோ எழுத வேண்டாம். எழுதினால் பிள்ளை இங்கே காலூன்ற மாட்டாள் என்கிறார். இந்த ஒரு பக்கத்துக்குப் பிறகு நீயும் நானும் அவளைப் பற்றி எழுதிக்கொள்வதும் நிற்க வேண்டும். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது, அக்கா. சரி என்று சொல்லிவிட்டேன்.

நான் கிளம்பும்போது திரும்பக் கூப்பிட்டு, "அம்மான்னே கையெழுத்துப் போடச் சொல்லுங்க. எனக்கு வருத்தம் இல்ல" என்றார். அவருக்கு வருத்தம் இருந்தது. இருந்தும் சொன்னார்.

இப்படிக்கு,
தம்பி


அக்டோபர் 8

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். இனி உன் கடிதங்களில் உன் இருமலும் என் முழங்காலும்தான் இருக்கும். பரவாயில்லை, உன் இருமலும் எனக்கு வேண்டும்.

இத்துடன் இருப்பதை அந்த அம்மாவிடம் கொடு. அவர் முதலில் படிக்கட்டும். ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன். நாற்பது பக்கம் எழுதியபோது இவ்வளவு கஷ்டப்படவில்லை. முதலில் எழுதியதில் அவர் வேண்டாம் என்று சொன்னதெல்லாம் இருந்தது. கடைசியில் எழுதியதில் எதுவுமே இல்லாத மாதிரி இருக்கிறது. நீ படிக்காதே. படித்தால் வருத்தப்படுவாய்.

அக்கா


நண்டுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் நன்றாக இருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். வேதவசனம் வாசித்தாயாமே. கெட்டிக்காரி.

ஒரு விஷயம் சொல்லத்தான் எழுதுகிறேன். உன் காதைப் பற்றி யாரிடமும் சொல்லாதே என்று உன்னிடம் சத்தியம் வாங்கினேன் இல்லையா? நீ அதைக் காப்பாற்றினாய். டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை. உன்னைப் போல யாரும் சத்தியத்தைக் காப்பாற்ற மாட்டார்கள்.

ஆனால் அது நான் கேட்டிருக்கவே கூடாத சத்தியம். தப்பு என்னுடையது. உன்னுடையது இல்லை. அதை இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டேன். இனி அது கிடையாது.

யாரும் உன்னை எங்கேயும் அனுப்ப மாட்டார்கள். ஜட்ஜ் எழுதிக் கொடுத்துவிட்டார். அதனால் கேட்கவில்லை என்றால், கேட்கவில்லை என்று சொல்லு. சத்தமாகச் சொல்லு. காதில் மாட்டுவதைப் பள்ளிக்கூடத்திலும் மாட்டிக்கொள், வீட்டிலும் மாட்டிக்கொள். சாக்லேட் பிடிக்கும் என்று டீச்சரிடம் சொல்லிவிடு.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். படித்து முடித்ததும் உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு விளையாடப் போ.

இப்படிக்கு,
பெரியம்மா